செக் புத்தகத்தை ஒப்படைக்கும் முன்: திருப்பணி நிறைவு அறிக்கை

சிவமயம்

ஊர்ப் பொதுமக்களுக்கும், சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கிற நம்மூர்ப் பிள்ளைகளுக்கும் கமிட்டிச் செயலாளரின் வணக்கம்.

நம் கோயில் திருப்பணிக்காக 2022 ஆவணியில் சுவாமியைத் தற்காலிக இடத்துக்கு மாற்றிப் பாலாலயம் செய்தோம். 2025 வைகாசியில் கும்பாபிஷேகம் நடந்து, 48 நாள் மண்டல பூஜையும் நிறைவாகிவிட்டது. பதினெட்டு மாதத்தில் முடிப்போம் என்று சொல்லி முப்பத்து மூன்று மாதம் இழுத்திருக்கிறோம். ரூ.38,50,000 என்று மதிப்பீடு போட்ட வேலை ரூ.46,72,400-இல் வந்து நின்றது. இந்த இரண்டு எண்ணையும் வைத்துக்கொண்டு பஸ் ஸ்டாப் டீக்கடையில் என்ன பேசுகிறார்கள் என்பது என் காதுக்கும் வரத்தான் செய்கிறது. ஆகவே கணக்கைச் சுருக்கமாகவும், கணக்குக்குள் அடங்காத விஷயங்களைக் கொஞ்சம் விரிவாகவும் எழுதுகிறேன்.

வரவு. ஊரில் தலைக்கட்டு, அதாவது வரிக்கு உரிய குடும்பம், 412. வரி ஐயாயிரம் வீதம் 375 தலைக்கட்டிலிருந்து வந்தது ரூ.18,75,000. நன்கொடையாக சென்னைவாழ் நம்மூரார் ரூ.6,85,000, மும்பைவாழ் நம்மூரார் ரூ.4,20,000, வளைகுடாப் பிள்ளைகள் ரூ.5,10,000, ரைஸ் மில் முதலாளி ரூ.5,00,000, மற்றவர்கள் ரூ.7,15,150. ஆக மொத்தம் ரூ.47,05,150. செலவு போக மீதி ரூ.32,750 பேங்கில் இருக்கிறது. உண்டியல் காணிக்கை அறநிலையத் துறைக் கணக்கு. அதில் நமக்குக் கை கிடையாது, நாங்கள் வைக்கவும் இல்லை.

"மீதி 37 தலைக்கட்டு யார்? பெயரைப் பலகையில் போடு" என்று இரண்டு பொதுக்கூட்டத்திலும் கேட்டார்கள். போடவில்லை, இனியும் போடப்போவதில்லை. வரி கட்ட முடியாதவர் யார் என்பது தலைவர் அண்ணாச்சி, பொருளாளர், நான் ஆகிய மூன்று பேருக்கும் மட்டும் தெரியும். ஆடிட்டர் பார்த்து எண்ணிக்கையைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டதும் அந்தத் தாளைக் கிழித்துவிட்டோம். வரி கட்டாதவருக்குப் பிரசாதம் கிடையாது என்று சொன்னவர்களுக்கும் அதே பதில்தான். இது கமிட்டிக்கு மீறிய அதிகாரம் என்று நினைக்கிறவர்கள் தீர்மானம் கொண்டுவரலாம். கொண்டுவந்தாலும் கிழித்த தாள் ஒட்டப்போவதில்லை.

மதிப்பீட்டுக்கு மேல் போன ரூ.8,22,400 எதற்கு என்றால், மேல்தளத்தை இரண்டாம் தடவை போட்ட வகையில் ரூ.4,35,000. மதிப்பீட்டில் இல்லாத மடப்பள்ளிக் கூரைக்கு ரூ.2,60,000. சுண்ணாம்பு, கருப்பட்டி, ஆள்கூலி விலையேற்றம் ரூ.1,27,400. இதில் முதல் தொகைக்குத்தான் நாங்கள் பதில் சொல்ல வேண்டும்.

மூன்று கொட்டேஷன் வாங்கி, குறைந்த தொகை சொன்னவருக்கு வேலையைக் கொடுத்தோம். கமிட்டியில் யாருக்கும் அவர் சொந்தமில்லை. மகாமண்டப மேல்தளம் பழைய முறைப்படி செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, மேலே தட்டோடு என்கிற தட்டையான ஓட்டைப் பதிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். துறையின் வல்லுநர் குழு ஒப்புதல் கொடுத்ததும் அதற்குத்தான். அவரோ சுண்ணாம்பு ஊறி முடிக்க நாளாகும் என்று சொல்லிச் சொல்லி, 2023 ஆடியில் ஓட்டுக்குக் கீழ் அடுக்கில் சிமென்ட் கலந்து பூசி மூடிவிட்டார். மேலே தட்டோடு வந்த பிறகு கீழே இருப்பது யார் கண்ணுக்குத் தெரியும்?

தெரிந்தவர் ஒருவர் இருந்தார். கூட்டம் தவறாமல் வந்து, எதைச் சொன்னாலும் "இது சரிவராது" என்று எழுந்து நிற்பாரே, மேலத்தெரு பெரியவர், அவர்தான். பக்கத்து மானூரில் அம்பலவாணர் கோயிலில் 1,200 வருஷத்துக்கு முந்தைய பாண்டியர் காலக் கல்வெட்டு இருக்கிறது. சபையில் எல்லாக் காரியத்துக்கும் 'அன்று, அன்று' (அதாவது 'அல்ல, அல்ல') என்று குறுக்குச் சொல்கிறவருக்கு 5 காசு தண்டம் என்று அதில் வெட்டியிருக்கிறார்கள். அதை நான் ஒரு கூட்டத்தில் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள், பெரியவர் உட்கார்ந்துவிட்டார். இந்த அறிக்கைக்காக மினிட் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் பார்க்கிறேன். அது இந்த மேல்தளத்தைப் பற்றிய கூட்டம். "சுண்ணாம்புத் தளத்தில் சிமென்ட் மூட்டைக்கு என்ன வேலை?" என்று கேட்கத்தான் அவர் எழுந்திருக்கிறார். என் கையெழுத்தில் "விவாதத்துக்குப் பின் ஏற்கப்பட்டது" என்று இருக்கிறது. விவாதம் நடக்கவில்லை. 5 காசை நான்தான் கட்ட வேண்டும்.

அதற்கு அடுத்தது புரட்டாசிக் கடைசி. அர்த்தஜாமம் முடிந்து நடை சாத்தின பிறகு, ராத்திரி ஒன்பதரை மணி இருக்கும், வாட்ச்மேன் போன் போட்டார். ஜெனரேட்டர் ஓடுகிற சத்தம் போனிலேயே கேட்டது. போய்ப் பார்த்தால் தெற்குச் சுவர் ஓரம் புகைமண்டலமாக வெள்ளைத் தூசி. கம்ப்ரஸரை வைத்து மணலை வீச்சடித்துக் கல்லைச் சுரண்டிக்கொண்டிருந்தார்கள். கோயில்களில் மணல்வீச்சு கூடாது என்பது துறையின் விதி. நம் ஒப்பந்தத்திலும் ஏழாவது ஷரத்து அதுதான். நிறுத்தச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்தேன். சுவரின் அடிவரிசையான குமுதப்படையில், அணையாத நந்தா விளக்கின் நெய்க்காக ஆடு விட்ட கல்வெட்டு ஓடுகிற இடத்தில், ஐந்தடி நீளத்துக்கு எழுத்து மழுங்கியிருந்தது. சின்ன வயசில் அந்த எழுத்துக்குள் நகத்தைக் கொடுத்து ஓட்டிக்கொண்டே பிரகாரம் சுற்றுவோம். இப்போது தடவினால் கழுவிய சிலேட்டு மாதிரி வழுக்கியது. உள்ளங்கையில் உப்புப் போலக் கல்தூள்.

கான்ட்ராக்டர் சொன்னது இது: "ஒரு மாச வேல ரெண்டு ராத்திரில முடிஞ்சிரும் சார். கறுப்பெல்லாம் போயி பளிச்சுன்னு இருக்கணும்னு நீங்கதான சொன்னீங்க?" பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நான் சொன்னது உண்மை. மணலை அடிக்கச் சொல்லவில்லை.

மறுநாளே வேலையை நிறுத்தித் துறைக்கு நாங்களே எழுதிக் கொடுத்தோம். "ஐந்தடிதானே, வெளியே தெரியாமல் வெள்ளையடித்து மூடியிருக்கலாம், நாமே போய்ச் சொல்லி மூன்று மாதம் வேலையை முடக்கிவிட்டீர்களே" என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். ஆம், எழுதிக் கொடுத்தோம். அதே மாதிரி நிலைமை வந்தால் மறுபடியும் எழுதிக் கொடுப்போம். ஆய்வுக்கு வந்தவர்கள் மேலேயும் ஏறிப் பார்த்தார்கள். ஓரிடத்தில் தட்டோட்டைப் பெயர்த்தபோது சிமென்ட் குட்டு வெளிப்பட்டது. அதுவும் போதாதென்று 2023 டிசம்பர் 17, 18-ஆம் தேதி பெய்த பெருமழை. நெல்லையும் தூத்துக்குடியும் மூழ்கிய அந்த இரண்டு நாளில் நம் அர்த்தமண்டபத்துக்குள் குடை பிடித்துக்கொண்டு குருக்கள் பூஜை செய்தார். அதன் பிறகு இரண்டாம் தடவை தளம் போட்டது சரியா என்று யாரும் கேட்கவில்லை. செலவைத்தான் கேட்கிறார்கள்.

முழுச் செலவு ரூ.5,85,000. கான்ட்ராக்டர் வக்கீல் நோட்டீஸ் விட்டார், நாமும் பதில் விட்டோம். கடைசியில் பேசி முடித்ததில் அவர் கட்டியிருந்த வைப்புத்தொகை ரூ.1,50,000 நமக்கு நின்றது. அது போகத்தான் மேலே சொன்ன ரூ.4,35,000.

இதுவரை சொன்னது கமிட்டியின் நியாயம். இனிச் சொல்வது என் கதை. யாரும் கேட்கவில்லை என்றாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

அந்த ராத்திரிக்கு மூன்று நாள் முன்னால் கான்ட்ராக்டர் ஒரு பில் கொடுத்திருந்தார். தூண்களைச் சீர்செய்த வகையில் ரூ.3,18,000. வேலை சரியாக நடந்திருந்தது, இன்ஜினீயர் அளந்து கையெழுத்தும் போட்டாகிவிட்டது. தலைவர் அண்ணாச்சியும் செக்கில் கையெழுத்துப் போட்டுவிட்டார். என் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. நான் போடவில்லை. கோபம். "கிடக்கட்டும்" என்று செக்கைப் பீரோவுக்குள் வைத்துப் பூட்டினேன். பொருளாளர் இரண்டு தடவை கேட்டார், "பார்ப்போம்" என்றேன். இருபத்து நான்கு நாள். 31 வருஷம் தபால் ஆபீஸில் மணியார்டர் பட்டுவாடா செய்தவன் நான், அடுத்தவர் காசை ஒரு ராத்திரிகூட வைத்திருந்ததில்லை என்று பெருமை பேசுகிறவன். அந்த இருபத்து நான்கு நாளும் எனக்கு அது நினைவுக்கே வரவில்லை.

தீபாவளிக்கு மூன்று நாள் முன்னால் ஜல்லி சுமக்கிற ஒரு பெண் வீட்டு வாசலில் வந்து நின்றிருக்கிறாள். நான் இல்லை. என் வீட்டம்மாள்தான் பேசியிருக்கிறாள். நான் வந்ததும் சோறு வைத்துக்கொண்டே சொன்னாள்: "அந்தப் பிள்ள ஊருக்குப் போக பஸ்ஸுக்குக் காசில்லாம நிக்கா. கமிட்டில செக்கு தரலன்னு சொல்லுதாராம் அந்த ஆளு. செக்கு எங்க இருக்கு?" நான் வாய் திறக்கவில்லை. பீரோ சாவி என் இடுப்பில் இருந்தது அவளுக்குத் தெரியும்.

மறுநாள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் செக்கைக் கொடுத்தேன். சனிக்கிழமை இரண்டாம் சனி, பேங்க் லீவு. ஞாயிறு தீபாவளி. பணம் கைக்குப் போனது பண்டிகை கழித்துத்தான். கான்ட்ராக்டருக்கு நான் கொடுத்த தண்டனை அவரிடம் போய்ச் சேரவே இல்லை. அவர் பாளையங்கோட்டைக்குப் போய் வெடி வாங்கிக்கொண்டுதான் வந்தார். எட்டுக் கூலியாட்களுக்கு என் கையிலிருந்து ஆளுக்கு ஆயிரம் கொடுத்தேன். அது கமிட்டிக் கணக்கில் வராது, தேட வேண்டாம். நல்ல காரியம் செய்ததாகவும் யாரும் சொல்ல வேண்டாம்.

அடுத்து என் தம்பி விஷயம். இரண்டாம் தடவை 14,000 தட்டோடு வாங்கியபோது அவன் கடையில் ஓட்டுக்கு ஒரு ரூபாய் குறைவு. வாங்கவில்லை. ஊருக்குப் பதினாலாயிரம் நஷ்டம் என்று வேறொரு கோஷ்டி கணக்குப் போட்டது. அந்தக் கணக்கு சரிதான். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்து 919, 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டுகள் இருக்கின்றனவே, அதில் ஊர்ச்சபை வாரியத்தில் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரை மட்டும் தள்ளிவைக்கவில்லை. சிற்றவை பேரவை மக்கள் (சித்தி, பெரியம்மா பிள்ளைகள்), அத்தை மாமன் மக்கள் என்று அவர் சொந்தபந்தத்தையும் சேர்த்துத் தள்ளிவைத்திருக்கிறார்கள். சொந்தக்காரன் என்ன பாவம் செய்தான் என்று அங்கேயும் யாராவது கேட்டிருப்பார்கள். என் தம்பி கேட்டான். அதிலிருந்து பேச்சில்லை. அம்மாவின் திதியை இந்த வருஷம் தனித்தனியாகத்தான் கொடுத்தோம்.

என் காம்பவுண்டு சுவர் கோயில் மணலில் எழும்பியது என்ற பேச்சுக்கும் பதில். சன்னதித் தெருவுக்குள் லாரி திரும்பாததால் என் காலிமனையில் மணலைத் தட்டினார்கள். அதே மாதம் நான் சுவர் கட்டியது என் புத்திகெட்ட நேரம். என் மணலுக்கு நான் வாங்கிய பில் பலகையில் குத்தியிருக்கிறது.

ரைஸ் மில் முதலாளி கோபுர வாசலில் கருங்கல்லில் பெயரும், கும்பாபிஷேகத்தன்று தலையில் பட்டுக் கட்டும் முதல் பரிவட்ட மரியாதையும் கேட்டார். கல்லில் யார் பெயரும் கிடையாது, "ஊர்ப் பொது" என்றும் தேதியும் மட்டுமே என்று முன்பே தீர்மானம் இருந்ததால் மறுத்தோம். மும்பைக்காரர்களுக்கும் இதில் வருத்தம்தான். முதலாளி சொன்ன வாக்குப்படி ஐந்து லட்சமும் கொடுத்தார். அன்னதானத்துக்குச் சொன்ன பத்து மூட்டை அரிசி வரவில்லை.

நன்கொடையாளர் பெயரெல்லாம் மண்டபத்துப் பலகையில் தெருவாரியாக இருக்கிறது, தொகைவாரியாக இல்லை. இங்கே பொருளை மட்டும் சொல்கிறேன். கலசத்துக்கு வரகு கீழத்தெருக் குடும்பம். யாகசாலை நெய் பால் சொசைட்டிக்கு ஊற்றுகிற பெண்கள் சேர்ந்து. சமித்து, தர்ப்பை அக்ரகாரத்தார். அபிஷேகச் சந்தனம் தென்காசியில் கட்டிக்கொடுத்த நம்மூர்ப் பெண். பந்தல் தச்சாசாரி வீட்டார். மைக் செட், சீரியல் லைட் எலக்ட்ரீஷியன் தம்பி, பாதிக் கூலிக்கு. பூ முழுவதும் சங்கரன்கோவில் மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிறவர். கட்டட ஆட்களுக்கு இரண்டு வருஷம் சாயங்காலக் காப்பி ஊற்றியது அந்த டீக்கடைதான், எங்களைப் பற்றிப் பேசுகிற அதே டீக்கடை. கடுக்காயும் கருப்பட்டியும் உடன்குடியில் கடை வைத்திருக்கிற மாப்பிள்ளை. மேல்தளத்தைக் கட்டையால் தட்டிய பெண்கள் கடைசி வாரக் கூலியில் பாதியை வாங்காமல் போனார்கள். பதினெட்டு பேர் வரிசையாக உட்கார்ந்து, கடுக்காய்த் தண்ணீரைத் தெளித்துத் தெளித்து, தட்டு ஓசை மாறும்வரை தட்டினார்கள். பச்சையாக இருக்கையில் சத்தம் அமுங்கிக் கேட்கும், இறுகினால் கணீர் என்று கேட்கும். மழை இரண்டு வந்து போய்விட்டது, ஒரு சொட்டு இறங்கவில்லை.

அஷ்டபந்தனம், சுதை வேலை, வர்ணம், கொடிமரம், வயரிங், தெப்பக்குளம் தூர்வாரியது எல்லாம் குறைவில்லாமல் முடிந்தது.

இந்தக் கமிட்டி இத்துடன் கலைகிறது. அடுத்த மூன்று வருஷத்துக்கு நாங்கள் ஒன்பது பேரும் எங்கள் வீட்டாரும் எந்தப் பொறுப்புக்கும் நிற்பதில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தந்திருக்கிறோம். புதிதாக வருகிறவர்களுக்கு ஒரே ஒரு விதி கேட்கிறேன்: இன்ஜினீயர் அளந்து தந்த பில்லுக்கு ஏழு நாளில் செக் போக வேண்டும். போகாவிட்டால் பிடித்து வைத்தவர் யார், ஏன் என்று மினிட் புத்தகத்தில் எழுத வேண்டும். அதை வழிமொழிய மேலத்தெரு பெரியவரைக் கேட்டிருக்கிறேன். முதலில் "சரிவராது" என்றார். பிறகு ஏழு நாள் அதிகம், ஐந்தாக்கு என்றார்.

ஒப்படைக்கிறவை: செக் புத்தகம் ஒன்று, நான்கு தாள் பாக்கி. மினிட் புத்தகம் இரண்டு. பில் கட்டு ஐந்து. கோயில் ஸ்டோர் சாவி இரண்டு. கடுக்காய் மூட்டை ஒன்று மீந்து மடப்பள்ளிப் பரண்மேல் இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் யாராவது அதைக் கீழே இறக்கி வையுங்கள்.

செயலாளர்
திருப்பணிக் கமிட்டி
ஆடி, 2025