இடைவெளிக்கு ஒரு வரி போதும்

ஆசிரியருக்கு,

சிங்கப்பூரில், பிள்ளைகளை வளர்த்துவிட்டு மீண்டும் வேலை தேடும் தாய்மார்களுக்கு ஓர் அறிவுரை பரவலாகச் சொல்லப்படுகிறது. வீட்டில் இருந்த ஆண்டுகளுக்கு ‘இல்ல நிர்வாகி’ என்றோ ‘குடும்பத் தலைமை அதிகாரி’ என்றோ பதவிப் பெயர் சூட்டி ரெஸ்யூமேயில் எழுத வேண்டுமாம். ஆளெடுப்பவர் அதைப் பார்த்துச் சிரிப்பார், இல்லாவிட்டால் எதையோ மூடி மறைப்பதாக நினைப்பார். பணி வரலாற்றில் உரிய இடத்தில், ‘2016 ஏப்ரல் முதல் 2025 டிசம்பர் வரை: குழந்தை வளர்ப்புக்காகப் பணி இடைவெளி’ என்ற பொருளில் ஒரே வரி எழுதினால் போதும். வேலை தேடுவோர் பயன்படுத்தும் லிங்க்ட்இன் தளமே 2022இல் பணி இடைவெளியைக் குறிக்கத் தனிப் பதிவு வசதி கொண்டுவந்துவிட்டது. ஆண்டுகளையே தூக்கிவிட்டுத் திறன்களை மட்டும் அடுக்குவது, பதவிப் பெயர் சூட்டுவதைவிட மோசம். தேதி இல்லாத ரெஸ்யூமேயில் படிப்பவரின் கண் முதலில் தேடுவது தேதியைத்தான்.

உண்மையில் வேலை தருபவரை யோசிக்க வைப்பது அந்தப் பத்தாண்டு இடைவெளியைவிட, அதற்குள் தொழிலில் மாறியவை இவருக்குத் தெரியுமா என்ற கேள்விதான். கணக்கு, சம்பளப் பட்டுவாடா வேலையையே எடுத்துக்கொள்வோம். 2016இல் விலகியவர் காலத்தில் பொருள் சேவை வரி 7 விழுக்காடு. அது 2023இல் 8, 2024இல் 9 ஆனது. ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேமநிதிக்குப் பிடித்தம் கணக்கிடப்படும் மாதச் சம்பள உச்சவரம்பு அப்போது 6,000 வெள்ளி. 2023 செப்டம்பரில் 6,300, 2024 ஜனவரியில் 6,800, 2025இல் 7,400 என்று ஏறி, 2026 ஜனவரியில் 8,000 வெள்ளியைத் தொட்டது. விலைப்பட்டியல்களும் இன்வாய்ஸ்நவ் என்ற நாடளாவிய மின்விலைப்பட்டியல் கட்டமைப்பு வழியாக மின்னிலக்கத்துக்கு மாறிவருகின்றன. ரெஸ்யூமேயின் மேல்பகுதியில் வரும் மூன்று வரி அறிமுகத்தில், இந்த மாற்றங்கள் தெரியும், இன்ன கணக்கு மென்பொருளில் அண்மையில் பயிற்சி பெற்றேன் என்பது இருந்தால் இடைவெளி பாதி அடைபட்டுவிடும். ‘கடின உழைப்பாளி, குழுவாகச் செயல்படுபவர்’ என்பதை யாரும் படிப்பதில்லை.

பழைய வேலையை எழுதும்போது ‘சம்பளப் பிரிவுக்குப் பொறுப்பு வகித்தேன்’ என்று நிறுத்தாதீர்கள். எத்தனை ஊழியர்களுக்கு, எந்த மென்பொருளில், சேமநிதித் தொகையை மாதந்தோறும் 14ஆம் தேதிக்குள் தவறாமல் செலுத்தினீர்களா என்பதை எழுதுங்கள். கடைசி இரண்டு வேலைகளுக்குத் தலா நான்கைந்து வரி. அதற்கு முந்தியவற்றுக்கு ஒரு வரி. மொத்தம் இரண்டு பக்கத்தைத் தாண்ட வேண்டாம்.

இடைப்பட்ட காலத்தில் துணைப்பாடம் நடத்தியிருந்தாலோ, தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் ஆர்டர் எடுத்து விற்றிருந்தாலோ அது தொழில்தான். எத்தனை மாணவர்கள், எத்தனை ஆர்டர்கள் என்று எண்ணிக்கையோடு எழுதலாம். பள்ளியின் பெற்றோர் ஆதரவுக் குழுவில் நிதியைக் கையாண்டிருந்தால் சேருங்கள். கூட்டத்துக்குப் போய் வந்ததெல்லாம் வேண்டாம். பயிற்சி வகுப்புகளிலும் இதே கணக்குதான்: தேடும் வேலைக்குப் பொருந்தும் ஒரு சான்றிதழ், பூ அலங்காரம் முதல் புகைப்படம் வரையிலான ஐந்தைவிட மேல். 40 வயதைத் தொட்ட சிங்கப்பூரர்களுக்கு 2024 மே முதல் கிடைக்கும் 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் என்ற அரசாங்கப் பயிற்சித் தொகையைத் தேர்ந்தெடுக்கப்பட்ட வகுப்புகளுக்கு மட்டுமே பயன்படுத்த முடியும் என்பதால், பட்டியலைப் பார்த்த பிறகு வகுப்பை முடிவு செய்யுங்கள்.

தமிழ்நாட்டில் படித்து இங்கு வந்தவர்கள் இரண்டு இடங்களில் தவறுகிறார்கள். ஒன்று, பட்டத்துக்கு எதிரே ‘62 விழுக்காடு’ என்று எழுதுவது. அங்கே அது முதல் வகுப்பு. அந்த மதிப்பெண் முறையை அறியாத கண்ணுக்கோ சுமார்தான். ‘முதல் வகுப்பு’ என்றே எழுதி, கல்லூரியோடு பட்டம் வழங்கிய பல்கலைக்கழகத்தின் பெயரையும் சேருங்கள். மற்றொன்று, குடியுரிமை நிலையைச் சொல்லாமல் விடுவது. குடிமகளா, நிரந்தரவாசியா என்பதைப் பெயருக்குக் கீழேயே போட்டுவிடுங்கள். இங்கு வேலை செய்யும் வெளிநாட்டவரின் குடும்பத்தினருக்கான டிபென்டன்ட் பாஸில் இருப்பவர்கள் வேலைக்குச் சேர 2021 மே முதல் பொதுவாகத் தனி வேலை அனுமதி தேவை. அந்த பாஸிலேயே வேலை செய்ய முன்பு அனுமதித்த இசைவுக் கடிதத்தை நம்பி விண்ணப்பித்தால் நேர்காணலில்தான் ஏமாற்றம் வரும்.

அடையாள அட்டை எண், பிறந்த தேதி, திருமண நிலை, பிள்ளைகளின் வயது, புகைப்படம் எதுவும் வேண்டாம். சட்டப்படி தேவை என்பது போன்ற காரணமின்றி அடையாள அட்டை எண்ணை நிறுவனங்கள் திரட்டுவதற்கு 2019 செப்டம்பரிலிருந்தே கட்டுப்பாடு உண்டு. கணவரின் மின்னஞ்சல் முகவரியைக் கொடுப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தயவுசெய்து சொந்தமாக ஒன்று திறந்துகொள்ளுங்கள்.

பக்கத்தை இடம், வலம் என இரண்டு நெடும்பத்திகளாகப் பிரிக்கும் வண்ண வடிவங்கள் இணையத்தில் கிடைக்கின்றன, அவற்றில் ஒரு சிக்கல். பல நிறுவனங்களில் விண்ணப்பத்தை முதலில் படிப்பது மென்பொருள். கட்டங்களுக்குள்ளும் பக்கத்தின் மேல்விளிம்பிலும் உள்ள எழுத்துகளை அது தவறவிடலாம், அல்லது இடப்பத்தி வரியை வலப்பத்தி வரியோடு ஒட்டிப் படிக்கலாம். சோதிப்பது எளிது: ரெஸ்யூமே முழுவதையும் நகலெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள். வரிசை குலைந்தாலோ தொலைபேசி எண் காணாமல் போனாலோ, ஒரே நெடும்பத்தியாக உள்ள எளிய வடிவத்துக்கு மாற்றிவிடுங்கள்.

வேலை நேரத்தைப் பற்றி ஒன்று. நீக்குப்போக்கான வேலை ஏற்பாட்டுக் கோரிக்கைகளுக்கான முத்தரப்பு (அரசாங்கம், முதலாளிகள், தொழிற்சங்கம்) வழிகாட்டி நெறிமுறைகள் 2024 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ளன. எழுத்துபூர்வ கோரிக்கைக்கு முதலாளி இரண்டு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். ஆனால் அது தகுதிகாண் காலத்தை முடித்த ஊழியர்களுக்கானது. விண்ணப்பிப்பவருக்கு அந்தப் பிடி கிடையாது. ஆகவே, பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்துவர மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும் என்பதை ரெஸ்யூமேயில் எழுத வேண்டாம். வேலை உங்களுக்குத்தான் என்று அவர்கள் சொன்ன பிறகு, கையெழுத்துப் போடுவதற்கு முன்பு பேசி, ஒப்புக்கொண்டதை நியமனக் கடிதத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
உட்லண்ட்ஸ்