வெட்டிய மண்ணை வெறுமனே விட்டுப் போகாதீர்கள்

எங்கள் மலையில் பாதை வெட்டியவர்களுக்கும், அந்தக் காணியைப் பொறுப்பில் வைத்திருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும்,

வணக்கம்.

பாதை எப்போது வெட்டப்பட்டது, மண் எங்கே கொட்டப்பட்டது, நாங்கள் எத்தனை மனுக் கொடுத்தோம் என்பதெல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. போன கிழமை நடந்ததை மட்டும் சொல்கிறேன். பாதைக்குக் கீழே உள்ள மலையில் கொழுந்து எடுத்த பெண்களுக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், போட்டார்கள். கிலோ குறைவாம். ஏன் குறைந்தது என்று நிறுவையில் நின்ற ஒருவரும் கேட்கவில்லை.

நான் சொல்கிறேன். அந்த மலையில் மிக்கானியாக் கொடி தேயிலையின் மேல் போர்வை மாதிரிப் படர்ந்து கிடக்கிறது. கொழுந்து அதற்கு அடியில். முதலில் கொடியை இழுத்து விலக்க வேண்டும். இழுத்தால் வாதோடு சேர்ந்து வருகிறது, இளங்கொழுந்து ஒடிந்து விழுகிறது. விரலால் ஒவ்வொரு சுற்றாகப் பிரித்தால் நேரம் போகிறது. மழை நாளில் அந்தத் தழைக்குள் கை விட்டால் அட்டை. வெயில் நாளில் குளவி எங்கே கூடு கட்டியிருக்கிறது என்று தெரியாது. கொடி விலக்கிய நேரத்துக்குக் கணக்கு கிடையாது. கொழுந்துக்கு மட்டும்தான் கணக்கு. காலையில் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு ஏறிய பெண் பின்நேரம் வரை அந்தச் சரிவில் நின்று உழைத்துவிட்டு அரைப்பேரோடு வீட்டுக்குப் போகிறாள். இது அவளுடைய குற்றமா?

பாதை வெட்டுவதற்கு முன்னால் அந்த மலையில் இந்தக் கொடி இப்படி இருக்கவில்லை. அங்கேயே கொழுந்து எடுத்து ஓய்வு பெற்ற அம்மாமாரைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள். மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் வந்தது, மேல்மண்ணையும் அடிமண்ணையும் ஒன்றாகப் புரட்டியது, மிஞ்சியதைச் சரிவில் தள்ளிவிட்டது, அடுத்த வேலைக்குப் போய்விட்டது. நிழலும் வேரும் இல்லாத ஈர மண் அப்படியே திறந்து கிடந்தது. காடு மூடிய இடத்திலோ நெருங்கி நிற்கும் தேயிலையிலோ இந்த மாதிரிக் கொடி, களைச்செடிகளுக்கு வெளிச்சம் கிடைக்காது, அதனால் லேசில் இடம் பிடிக்க முடியாது. வெட்டிப் போட்ட மண்ணில் அவற்றை எதிர்க்க ஒன்றுமே இல்லை. மிக்கானியாவின் விதை காற்றில் பறந்து வரும். விதை கூட வேண்டாம். அறுந்த தண்டில் ஒரு கணு மண்ணைத் தொட்டால் அங்கேயே வேர் விடும். பெக்கோவின் வாளியிலும் சக்கரத்திலும் ஒட்டிய சேற்றோடு எத்தனை துண்டு வந்து இறங்கியிருக்கும் என்று யோசித்தீர்களா? கொடிக்குப் பின்னால் பாதையோரம் முழுக்கக் காட்டுச் சூரியகாந்தி வந்தது, அதற்கும் மேலே உண்ணிச்செடி.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: வெட்டிய மண்ணை வெறுமனே விட்டுப் போகாதீர்கள்.

இது உங்களுக்குத் தெரியாத வித்தை இல்லை. பழைய தேயிலையைப் பிடுங்கிவிட்டுப் புதுக்கன்று நடுவதற்கு முன்னால் தோட்டத்தில் என்ன செய்வார்கள்? மானாப்புல்லோ குவாத்தமாலாப்புல்லோ போட்டு, ஒன்றரை வருஷம், இரண்டு வருஷம் மண்ணை ஆறவிட்டுத்தான் கன்று வைப்பார்கள். மழைத்தண்ணீர் ஓடக் கான் வெட்டுவார்கள், நிழல் மரம் வைப்பார்கள். தேயிலைக்காக மண்ணைத் திறந்தால் மூட வேண்டும் என்று தெரிந்தவர்களுக்குப் பாதைக்காகத் திறந்தால் மட்டும் அது ஏன் மறந்துபோகிறது?

கொடிக்கு மருந்து அடிக்கலாமே என்று ஒருவர் சொன்னார். அடித்துப் பார்த்தாயிற்று. கொடியோடு சேர்ந்து மண்ணைப் பிடித்திருந்த சிறு புல்லும் கருகியது. அடுத்த மழையில் மண் மறுபடி வெறுமை. முதலில் ஏறியது பழைய கொடியேதான். ஆள் விட்டு வெட்டியபோதும் அதே கதை. வெட்டிய துண்டுகளை அள்ளி அப்புறப்படுத்தாமல் அங்கேயே போட்டார்கள், ஒவ்வொன்றும் வேர் பிடித்தது.

செடியைப் பழித்து என்ன பயன்? உண்ணிச்செடியை 1826இல் அழகுக்கென்று பேராதனைத் தாவரவியல் பூங்கா வழியாக இலங்கைக்குக் கொண்டுவந்தார்கள். ஹோர்ட்டன் சமவெளியில் முள்ளும் மஞ்சள் பூவுமாகப் படர்ந்திருக்கும் கோர்ஸ் என்ற புதர் ஐரோப்பாவிலிருந்து வந்தது. அதன் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும், தீ வைத்தால் இன்னும் மும்முரமாக முளைக்கும். தேசியப் பூங்கா என்று காவல் போட்ட இடத்திலேயே பாடு இதுவென்றால், கேட்பாரற்ற எங்கள் சரிவுகளின் கதி என்ன? காட்டுச் சூரியகாந்தியையாவது தழை வெட்டித் தேயிலைக்குப் பசளையாகப் போடலாம். ஆனால் பூத்து விதை கொட்டுவதற்கு முன்னால் வெட்ட வேண்டும். அதற்கும் ஆள் வேண்டும்.

ஆள் எங்கே இருக்கிறது? 1992இல் தோட்டங்கள் கம்பனிகளின் கைக்குப் போனதிலிருந்து புல்லுவெட்டுக்கு ஆள் குறைத்துக்கொண்டே வருகிறார்கள். கைவிட்ட மலைகள் காடாகிவிட்டன, அந்தக் காட்டில் சிறுத்தையும் பன்றியும் குடியிருக்கின்றன. அதற்கு நடுவில்தான் எங்கள் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள். ஜூன் 5 வந்தால் மரக்கன்று நடப் பெரியவர்கள் வருகிறீர்கள், படமும் எடுக்கிறீர்கள். அந்தக் கன்றின் மேல் கொடி ஏறிய பிறகு பார்க்க ஒருவரும் வருவதில்லை. எங்கள் முப்பாட்டன்மார் காட்டை வெட்டிக் கோப்பி போட்டார்கள், கோப்பி அழிந்ததும் தேயிலை போட்டார்கள். இந்த மலையைப் புரட்டிய கை எங்களுடையதும்தான். ஆனால் புரட்டிய மண்ணை அவர்கள் தினமும் பார்த்துக்கொண்டார்கள். பொறுப்பில் இருப்பவர்கள் இன்று அதையாவது செய்கிறீர்களா?

கோபத்தில் கொஞ்சம் நீளமாகப் போய்விட்டது, மன்னிக்கவும். பாதைக்கு நாங்கள் எதிரிகள் இல்லை. அந்தப் பாதை வந்த பிறகுதான் பிரசவத்துக்குப் போகிற பிள்ளையைக் கம்பளியில் கட்டித் தூக்கும் நிலை போனது. இன்னும் பாதைகள் வர வேண்டும். 2025 நவம்பரில் டித்வா புயலோடு மலைநாடு எங்கும் மண் சரிந்தது. அந்த இடங்களிலும் இனி பெக்கோ வேலை நிறைய இருக்கும். அதனால்தான் இப்போதே பணிவாகக் கேட்கிறோம், வெட்டிய மண்ணை வெறுமனே விட்டுப் போகாதீர்கள். மேல்மண்ணைத் தனியாகக் குவித்து வைத்து, வேலை முடிந்ததும் மேலே பரப்புங்கள். பெக்கோவை ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குக் கொண்டுபோகும் முன் கழுவுங்கள். மிஞ்சிய மண்ணை ஊற்றுப் பக்கம் தள்ளாதீர்கள்.

எங்கள் சரிவுக்கு மே மாத மழைக்கு முன்னால் மானாப்புல் நாற்றும் வெட்டிவேரும் ஒரு லொறி அனுப்பினால் போதும். நடுவதற்கு எங்களில் ஆள் இருக்கிறது, நட்டவர்களுக்கு முழுப்பேர் போடுங்கள். அதுவரைக்கும் அந்த மலையில் கொழுந்து எடுக்கும் பெண்களுக்குக் கொடி விலக்கும் நேரத்தையும் வேலையாகக் கணக்கில் எடுங்கள். போன கிழமை வெட்டிய அரைப்பேரைத் திருப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
மேல்பிரிவு லயத்து மக்கள் சார்பில்