ஹோம் தியேட்டர் மாட்டித் தருகிறவர்களுக்கு: கிளம்பும் முன் ஒவ்வொரு ஸ்பீக்கரையும் அளந்துவிடுங்கள்

வேலூர், காட்பாடி, ஆற்காடு, ராணிப்பேட்டை, குடியாத்தம் பக்கங்களில் வீடு வீடாகப் போய் ஹோம் தியேட்டர் மாட்டித் தருகிற அண்ணன் தம்பிகளுக்கும், அவற்றை விற்கிற கடைக்காரர்களுக்கும் வணக்கம்.

உங்கள் வேலையைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். டைல்ஸ் உடையாமல் துளை போடுவதும், பெயின்ட் அடித்து முடித்த சுவரில் வயர் தெரியாமல் கேசிங் ஓட்டுவதும், லாஃப்ட் மேல் ஏறி, பக்கவாட்டு, பின்பக்க ஒலிக்கான சரவுண்ட் ஸ்பீக்கருக்கு பிராக்கெட் அடிப்பதும், அதுவும் மே மாதத்தில், லேசான காரியமில்லை. ஆனால் இவ்வளவும் செய்தபிறகு ஒரு சண்டைக் காட்சியை ஓடவிடுகிறீர்கள். ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. "எப்படி இருக்கு பாருங்க சார்" என்று ரிமோட்டைக் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறீர்கள். வீட்டுக்காரர் உட்காரும் இடத்திலிருந்து ஒவ்வொரு ஸ்பீக்கரின் லெவலையும் அளந்து சமன் செய்கிற வேலை மட்டும் நின்றுபோகிறது. அதையும் முடித்துத் தாருங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

சத்துவாச்சாரியில் உறவினர் வீட்டு ஹாலில் அளந்ததைச் சொல்கிறேன். பதினெட்டுக்குப் பன்னிரண்டடி ஹால். தரையில் வழுவழு டைல்ஸ், மேலே கான்கிரீட் தளம், துணி என்று சொல்ல ஒரு ஜன்னல் திரை. ரிசீவர் (ஸ்பீக்கர்களை ஓட்டும் ஆம்ப்ளிஃபையர் பெட்டி) மெனுவில் எல்லா ஸ்பீக்கருக்கும் லெவல் ஜீரோ. பெட்டியைப் பிரித்தபோது எப்படி இருந்ததோ அப்படியே. சோபா நடுவில் காது உயரத்தில் ஒலியளவு மீட்டரை நிறுத்தி, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் ஒரே அளவில் இரைச்சல் அனுப்பும் டெஸ்ட் டோனை ஓடவிட்டேன். முன் இடது 74 டெசிபல், முன் வலது 75. நடு ஸ்பீக்கரான சென்டர் 69, அதை டிவி யூனிட்டின் கீழ்த்தட்டில், செட்டாப் பாக்ஸுக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தார்கள். இடது சரவுண்ட் 80. திவானுக்கு நேர் மேலே, சோபாவிலிருந்து எட்டினால் தொட்டுவிடலாம். வலது சரவுண்ட் சமையலறை வாசலைத் தாண்டி லாஃப்ட் ஓரத்தில், 72. தாழ்ந்த ஒலிக்கான சப்வூஃபர் மூலையில், பின்பக்க வால்யூம் நாப் முக்கால்வாசி திருப்பிய நிலையில், 86.

மெனுவில் எல்லாமே ஜீரோவாக இருந்தும் காதுக்கு வந்து சேர்ந்தது இப்படி. காரணங்கள் உங்களுக்குத் தெரியாதவை இல்லை. ஒரே ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் ஒரு ஸ்பீக்கர் 86 டெசிபல் தரும், இன்னொன்று 90 தரும். திறந்தவெளியில் தூரம் இரட்டித்தால் 6 டெசிபல் குறையும்; நாலு சுவருக்குள் ஒலி திரும்பி வருவதால் அந்த அளவு குறையாது, ஆனாலும் குறையும். மூலையில் வைத்த சப்புக்கு இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து பலம் கொடுக்கும். தட்டுக்குள் அமுங்கிய சென்டர் தன் சத்தத்தில் பாதியைத் தட்டுக்கே கொடுத்துவிடும். கம்பெனிக்காரர்கள் இந்த வீட்டைப் பார்த்து ஜீரோ என்று போடவில்லை. வீட்டைப் பார்ப்பவர் நீங்கள் ஒருவர்தான்.

அந்த ஹாலில் சென்டருக்கும் இடது சரவுண்டுக்கும் 11 டெசிபல் வித்தியாசம். 10 டெசிபல் கூடினால் காதுக்கு ஏறக்குறைய இருமடங்கு சத்தமாகத் தெரியும். 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்) படத்தில் பேச்சின் பெரும்பகுதி சென்டரில்தான் வருகிறது. ஆக, கதாநாயகி அழுதுகொண்டே பேசும்போது, பின்னால் பெய்கிற மழை, அவள் குரலுக்கு எதிரே இருக்க வேண்டியதைவிட ஏறக்குறைய இருமடங்காகக் கேட்கும். வீட்டில் என்ன நடக்கும்? பேச்சு வந்தால் வால்யூமை ஏற்றுவார்கள், பாட்டு வந்தால் இறக்குவார்கள், படம் முடியும்வரை ரிமோட் கையை விட்டு இறங்காது. பேச்சுக்காக மொத்த வால்யூமை 6 டெசிபல் ஏற்றினால் ஒவ்வொரு சேனலுக்கும் நாலு மடங்கு பவர் போகிறது. ஏற்கெனவே கத்திக்கொண்டிருக்கிற சரவுண்டுக்கும் சப்புக்கும் சேர்த்துத்தான். சத்துவாச்சாரி, தோட்டப்பாளையம் மாதிரி சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் அது பக்கத்து வீட்டுக் கட்டில்வரை போகும்.

இதில் எனக்கு மிகவும் உறுத்தியது வேறொன்று. அந்தத் திவானில் படுத்துக்கொண்டு டிவி பார்ப்பவர் எழுபது தாண்டிய அம்மா. "என்ன சொன்னான், என்ன சொன்னான்" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார் என்பதால் அவருக்குக் காது போய்விட்டது என்று வீட்டில் முடிவே கட்டியிருந்தார்கள். வயதானால் உயர்ந்த அலைவரிசைகள்தான் முதலில் மங்கும். ச, ஸ, ஃப மாதிரி ஒலிகள் அங்கேதான் இருக்கின்றன, அவை போனால் சொல் பிரியாது. அப்படிப்பட்ட காதுக்கு நேர் மேலே 80 டெசிபலில் ஒரு சரவுண்ட், எதிரே 69-ல் பேச்சு. லெவலைச் சரிசெய்த பிறகு அதே படத்தை அதே திவானிலிருந்து பார்த்தார். கேள்விகள் பாதிக்கு மேல் குறைந்துவிட்டன. காது மருத்துவரிடம் போக வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை, போகத்தான் வேண்டும். அதற்கு முன் ஸ்பீக்கரைப் பார்த்திருக்கலாம்.

நம் வட ஆற்காட்டுத் தெருக்கூத்தில் கட்டியங்காரன் வசனம் பேச வந்தால் மிருதங்கமும் முகவீணையும் தாமாக அடங்கும். பேசி முடித்ததும் தூக்கும். படத்திலும் அந்த ஏற்ற இறக்கத்தை ஒலிக்கலவை செய்கிறவர் பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார். ஸ்பீக்கர்களையெல்லாம் அளந்து, லெவல் கட்டிய அறையில் உட்கார்ந்து செய்தது அது. கதவு கிறீச்சிடுவது எவ்வளவு, மூச்சு வாங்குவது எவ்வளவு என்று அவர் எடுத்த முடிவு இந்த ஹாலுக்கு வந்து சேர வேண்டுமானால், இங்கேயும் லெவல் கட்டியிருக்க வேண்டும்.

செய்முறைக்கு வருகிறேன். முதலில் சிவப்பு கறுப்பு வயர் மாறாமல் இருக்கிறதா பாருங்கள். ஒன்று மாறியிருந்தாலும் தனித்தனியாக அளக்கும்போது மீட்டர் காட்டிக்கொடுக்காது, சேர்ந்து பாடும்போதுதான் பேஸ் காணாமல் போகும். ஸ்பீக்கர் அளவு, தூரம், கிராஸ்ஓவர் (எந்த அலைவரிசைக்குக் கீழே உள்ளது சப்புக்குப் போக வேண்டும் என்ற எல்லை) இவற்றை முதலில் போட்டுவிடுங்கள். சின்ன ஸ்பீக்கர்களுக்கு 80 ஹெர்ட்ஸ் நல்ல தொடக்கம். லெவல் அதற்குப் பிறகுதான், ஏனென்றால் கிராஸ்ஓவரை மாற்றினால் சப்பின் பங்கும் மாறிவிடும். ஃபேனை நிறுத்துங்கள், ஏசியை நிறுத்துங்கள், குக்கர் விசில் அடங்கட்டும். மீட்டரைக் கையில் பிடிக்காதீர்கள். கேமரா ஸ்டாண்டில் மாட்டி, மைக் கூரையைப் பார்க்க, உட்கார்ந்தவரின் காது உயரத்தில் நிறுத்துங்கள். டெஸ்ட் டோன் ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சுற்றி வரும். எல்லாம் 75 காட்டும்படி ஏற்றி இறக்குங்கள். 75 ரொம்பச் சத்தம் என்று வீட்டில் முகம் சுளித்தால் 70-ல் செய்யுங்கள், குற்றமில்லை. எல்லாம் ஒரே எண்ணுக்கு வருவதுதான் காரியம். பெரும்பாலான ரிசீவர்களில் பத்து, பன்னிரண்டு டெசிபல்வரை ஏற்றவும் இறக்கவும் இடமிருக்கிறது.

எண்ணைத் தொடும் முன் பெட்டியை நகர்த்திப் பாருங்கள். அந்த வீட்டில் சென்டரைத் தட்டின் விளிம்புக்கு இழுத்து, முன்பக்கத்துக்கு அடியில் ஒரு ரப்பர் துண்டு கொடுத்துக் காதைப் பார்க்க நிமிர்த்தியதுமே 69 என்பது 71 ஆனது. மிச்சம் 4 டெசிபலை மெனுவில் கொடுத்தால் போதுமாக இருந்தது. சப்பிலும் அப்படித்தான்: மெனுவில் மைனஸ் பன்னிரண்டு என்று அடிமட்டத்துக்குப் போகாமல், முதலில் சப்பின் நாபைப் பாதிக்குக் கீழே இறக்கி, மீதியை மெனுவில் சரிசெய்ய வேண்டும்.

மீட்டரில் ஒரு விஷயத்தில் மட்டும் மிகுந்த கவனம் வேண்டும். அதில் ஏ, சி என்று இரண்டு எடை (எந்த அலைவரிசையை எவ்வளவு கணக்கில் எடுப்பது என்ற அமைப்பு) இருக்கும். சி-யில், முள் மெதுவாக அசைகிற ஸ்லோவில் வையுங்கள். ஏ என்பது தாழ்ந்த அலைவரிசைகளைக் கழித்துக் காட்டுகிற அளவு. 63 ஹெர்ட்ஸில் அது 26 டெசிபல் குறைத்துக் காட்டும். ஏ-யில் வைத்து சப்பை 75-க்குக் கொண்டுவர முயன்றால் வீடு இடிகிற அளவுக்கு ஏற்றிவிட்டு, "மீட்டரில் சரியாகத்தானே இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டிருப்போம். மொபைல் ஆப்களில் பல, திறந்தவுடன் ஏ-யில்தான் நிற்கின்றன. மீட்டர் இல்லாதபோது மொபைலை வைத்து ஐந்து ஸ்பீக்கர்களையும் ஒன்றோடொன்று ஒப்பிடலாம், அதற்கு அது போதும். சப்புக்கு மொபைல் மைக்கை நம்ப வேண்டாம். அது பேச்சுக்காகச் செய்த மைக். சப்பின் டோனில் முள் ஆடிக்கொண்டே இருக்கும், நடுவை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே சோபாவில் ஓரடி தள்ளினாலும் பேஸ் மாறுகிற அறைகள் நம் ஊரில் நிறைய. மூன்று இடத்தில் அளந்து நடுவாகப் பார்ப்பது நல்லது.

ரிசீவரே அளந்து லெவலைப் போட்டுக்கொள்வதற்காக அதோடு ஒரு மைக் வருகிறதே, அது பல வீடுகளில் பிளாஸ்டிக் உறைகூடப் பிரியாமல் அட்டைப்பெட்டிக்குள் கிடக்கிறது. டெனான், மராண்ட்ஸில் ஆடிஸி, யமஹாவில் ஒய்.பி.ஏ.ஓ. என்று ஒவ்வொரு கம்பெனியும் கொடுத்திருப்பது உங்கள் வேலையைச் சுலபமாக்கத்தான். ஓட்டுங்கள். ஆனால் மைக்கை சோபா முதுகில் சாய்த்து வைத்து, பக்கத்தில் நாலு பேர் பேசிக்கொண்டிருக்க ஓட்டாதீர்கள். முடிந்ததும் ஒருமுறை மீட்டரால் சரிபாருங்கள். அந்தக் கணக்கு சப்பை மைனஸ் பன்னிரண்டில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தால், சப்பின் நாப் மிக அதிகம் என்று பொருள்; இறக்கிவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

நம் பக்கத்தில் லோக்கலாக அசெம்பிள் செய்த 5.1 ஆம்ப்ளிஃபையர்கள் இன்னும் நிறைய ஓடுகின்றன. டெஸ்ட் டோன் இருக்காது, முன்பக்கம் சென்டர், சரவுண்ட், சப் என்று நாப்கள் இருக்கும். சேனல் சேனலாக இரைச்சல் ஒலிக்கிற ஒரு 5.1 ஃபைலைப் பென்டிரைவில் வைத்துக்கொண்டால் அவற்றையும் இதே முறையில் கட்டலாம். கட்டிய நிலையில் நாபுக்குப் பக்கத்தில் மார்க்கரால் ஒரு புள்ளி வைத்துவிட்டால், பிள்ளைகள் திருப்பிவிட்டாலும் பழைய இடத்துக்கே வரலாம்.

ஆல் சேனல் ஸ்டீரியோவில் விட்டுவிட்டு வருவதை இன்றோடு நிறுத்துங்கள். ஐந்து பெட்டியிலும் ஒரே சத்தம் வந்தால் வாங்கியவருக்கு முதல் நாள் மகிழ்ச்சிதான். பிறகு எந்தப் படத்திலும் முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

அளந்து முடித்தபின் வீட்டுக்காரரின் விருப்பத்துக்கு இடம் உண்டு. நம் ஊரில் கத்திரி வெயிலில் 40 டிகிரியைத் தாண்டும், ஃபேனை ஐந்தில் வைக்காமல் யாரும் உட்கார முடியாது. அந்த இரைச்சலைத் தாண்டிப் பேச்சு வரவேண்டுமானால் சென்டருக்கு இரண்டு டெசிபல் கூடுதல் கொடுப்பது நியாயம். சப் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றால் இரண்டு மூன்று ஏற்றிக் கொடுங்கள். அளந்த இடத்திலிருந்து ஏற்றியது என்பதால் திரும்பி வர வழி தெரியும். சரவுண்டுக்கு மைனஸ் 5 என்று மெனுவில் பார்த்ததும் தன் ஸ்பீக்கரைக் குறைத்துவிட்டார்கள் என்று அவர் வருத்தப்படலாம். பக்கத்தில் இருப்பதால்தான் அது குறைவு என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வாருங்கள்.

கடைக்காரர்களுக்கு: டெமோ ரூமில் சப்பை ஏற்றி, சரவுண்டை ஏற்றி, வந்தவரை அசர வைத்து அனுப்புகிறீர்கள். வீட்டிலும் அதே அதிர்வு வேண்டும் என்று அவர் கேட்பதும், மாட்ட வருகிற தம்பி அப்படியே வைத்துவிட்டுப் போவதும் அங்கேதான் தொடங்குகிறது. உங்கள் டெமோ செட்டை அளந்து கட்டுங்கள். சண்டைக்குப் பதில் இரண்டு பேர் தணிந்த குரலில் பேசுகிற ஒரு காட்சியைப் போட்டுக் காட்டுங்கள். எந்த ஸ்பீக்கர் நல்லது என்பது அதில் இன்னும் தெளிவாகத் தெரியும்.

இதற்கு அரை மணி நேரம் பிடிக்கும், அந்த அரை மணிக்குக் கூலி வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். பில்லில் தனி அயிட்டமாகப் போடுங்கள். அளந்த எண்களை ஒரு சீட்டில் எழுதி ரிசீவரின் பக்கவாட்டில் ஒட்டிக் கொடுங்கள், சரிசெய்யும் முன் எவ்வளவு, சரிசெய்த பின் எவ்வளவு என்று இரண்டும் தெரியும்படி. அதைப் பார்க்கிற எந்த வீட்டுக்காரரும் அந்தக் கூலிக்குப் பேரம் பேச மாட்டார்.

அன்புடன்,
காட்பாடி காந்தி நகரிலிருந்து ஒரு வாடிக்கையாளர்