ஒட்டு விட்ட சோல்

சத்துவாச்சாரி, வேலூர்

அன்புள்ள நண்பா,

கடிதம் கிடைத்தது. ரீல்ஸ் போட்ட பிறகு ஆம்பூரிலிருந்து ஒரு நாளைக்கு 40 ஜோடி ஷூ போகிறது என்கிறாய், சந்தோஷம். அடுத்த வரியிலேயே சில ஜோடிகள் சோல் ஒட்டு விட்டுத் திரும்பி வருவதாகவும், விளம்பரச் செலவை இரண்டு மடங்காக்கப் போவதாகவும் எழுதியிருக்கிறாயே, அங்கேதான் இடிக்கிறது.

விளம்பரம் எடுபட்டதா என்று அன்றைக்கு ராத்திரியே தெரிந்துவிடும். சோல் நின்றதா என்று தெரிய மூன்று வாரமாவது ஆகும். அதற்குள் அதே பசையில் ஒட்டிய 800 ஜோடி வெளியே போயிருக்கும்.

1,999 ரூபாய் ஷூவுக்குத் தயாரிப்பு 950, டப்பாவும் கூரியரும் 150, விளம்பரம் 400, வரி 95 என்று வை. மிஞ்சுவது 400 சொச்சம். சோல் விட்ட ஜோடிக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தால், திரும்பும் கூரியரோடு 1,600 போச்சு. நாலு ஜோடி லாபம்! சைஸ் சரியில்லை என்று வருவதை இதில் சேர்க்காதே, அது மறுபடி விற்கும்.

வந்ததைப் பிரித்துப் பார். பசை முழுக்க சோலில் இருந்து, அதன்மேல் தோலின் மேற்பூச்சும் உரிந்து வந்திருந்தால் ரஃபிங், அதாவது ஒட்டுமுன் தோலைச் சொரசொரப்பாகத் தேய்ப்பது, போதவில்லை. பசை தோலிலேயே நின்று சோல் துடைத்த மாதிரி இருந்தால் பிரைமர், அதாவது பசைக்கு முன் சோலில் தடவும் பூச்சு, கோளாறு. டிபிஆர் என்கிற ரப்பர் வகை சோலில் ஹாலோஜெனேஷன், அதாவது குளோரின் சேர்ந்த திரவம் தடவிப் பதப்படுத்துவது, செய்யாமல் பியூ (பாலியூரித்தேன்) பசை பிடிக்காது. இரண்டு பக்கமும் பசை பளபளவென்று இருந்தால், பசைக்குச் சூடு ஏறுமுன் அழுத்தும் பிரஸ்ஸில் வைத்திருக்கிறார்கள். காலையில் ஹார்ட்னர் (பசையை இறுகவைக்கும் மருந்து) கலந்த பசையை நம் ஊர் மே மாத வெயிலில் சாயங்காலம் வரை ஓட்டுவதும் உண்டு. கெட்டியானால் தின்னர் ஊற்றிவிடுவார்கள்; பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும், பிடிப்பு இருக்காது.

ஷூ நாக்கின் உள்பக்கம் பேட்ச் (ஒரே தடவையில் செய்த தொகுதி) எண்ணும் தேதியும் அச்சிடு. ஒவ்வொரு பேட்சிலும் இரண்டு ஜோடியை, ஒட்டி 24 மணி நேரம் கழித்து, இழுத்துக் கிழித்துப் பார். தோலின் நார் கிழிய வேண்டும், பசை உரியக் கூடாது. பேட்ச் வெளியே போய் 30 நாளில் சோல், தையல் புகார் நூற்றுக்கு இரண்டைத் தாண்டாவிட்டால் விளம்பரத்தைக் கால் பங்கு கூட்டு. தாண்டினால் கூட்டாதே, இருக்கிற அளவிலேயே வை.

திரும்பி வந்ததில் இரண்டு ஜோடியை பஸ்ஸில் கொடுத்தனுப்பு. மறுபடி ஒட்டி அனுப்பாதே, விட்டது விட்டபடியே வரட்டும்.

அன்புடன்,
உன் பழைய கூட்டாளி