கயாவில் பிண்டம் போடுகிறவர் டூரிஸ்டா?

ஆசிரியருக்கு வணக்கம்.

முன்னோருக்குத் திதி கொடுக்கிற மகாளய பட்சத்தில் ரஷ்யா, உக்ரைன், ஜெர்மனியிலிருந்தெல்லாம் பீகாரில் இருக்கிற கயாவுக்கு வந்து, புடவையும் வேட்டியும் கட்டிக்கொண்டு பல்குனி நதிக்கரையில் பிண்டம் போடுகிறவர்களைப் பற்றிய கட்டுரையையும், அதற்கு அடுத்த இதழில் வந்த கோபமான கடிதங்களையும் படித்தேன். "நம் சடங்கை டூரிஸ்ட் வேடிக்கையாக ஆக்கிவிட்டார்கள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எனக்கு அந்தக் கோபம் வரவில்லை, வேறு ஒரு கோபம் வந்தது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

அப்பா போன பிறகு நானும் கயாவுக்குப் போய் வந்தேன். நதியில் தண்ணீர் நிற்பதற்காக 2022ல் வந்த ரப்பர் அணையெல்லாம் அப்போது கிடையாது, நதி என்று பெயரே தவிர கண்ணுக்கெட்டிய வரை மணல், கையால் தோண்டினால் தண்ணீர் ஊறும். சீதை விட்ட சாபம் என்றார் எங்களைக் கூட்டிப்போன சாஸ்திரிகள். ராமன் சாமான் வாங்கப் போன நேரத்தில் தசரதன் கை நீட்டிப் பிண்டம் கேட்க, வேறு ஒன்றும் இல்லாமல் சீதை மணலையே பிடித்துக் கொடுத்தாளாம், ராமன் திரும்பி வந்து நம்பாமல் சாட்சி கேட்டபோது நதி பொய் சொல்லிவிட்டதாம், அட்சயவடம் என்கிற ஆலமரம் மட்டும்தான் உண்மை சொன்னதாம். கதை நன்றாக இருக்கிறதே என்று கேட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். அப்புறம் வழக்கம்போல ஒரு காய், ஒரு பழம், ஓர் இலையை இனிமேல் சாப்பிடுவதில்லை என்று விடச் சொன்னார்கள், நான் கொத்தவரங்காயை விட்டேன், அது எனக்குப் பிடிக்காது என்பது வேறு விஷயம்.

உங்கள் கட்டுரைக்கு வந்த படத்தில் ஒரு வெளிநாட்டுப் பெண் கையில் எள்ளும் தர்ப்பையுமாக உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் எனக்கு அந்தக் கதை ஞாபகம் வந்தது, கூடவே என் அக்காவும். அப்பாவைக் கடைசி மூன்று வருஷம் குளிப்பாட்டிச் சோறு ஊட்டியது அவள்தான். கொள்ளி போட்டது நான். பொம்பளை சுடுகாட்டுக்கு வரக்கூடாது என்று அவளைத் தெருமுனையோடு நிறுத்திவிட்டார்கள், நானும் வாயைத் திறக்கவில்லை. கயாவுக்கும் நான் மட்டும்தான் போனேன். அங்கே ஒரு பெண் பிடித்த மணலைத்தான் தசரதன் வாங்கிக்கொண்டான் என்று கேட்டுவிட்டு வந்தும் வீட்டில் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வெளிநாட்டாருக்குக் கோத்திரம் ஏது, அவர்கள் போடும் பிண்டம் யாருக்குப் போய்ச் சேரும் என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கயாவில் சொந்தக்காரர்களுக்குப் போட்டு முடித்ததும் தர்மபிண்டம் என்று போடச் சொல்வார்கள், நண்பருக்கு, வேலைக்காரருக்கு, யாருமே இல்லாமல் செத்தவருக்கு என்று. அமாவாசைத் தர்ப்பணத்தின் முடிவிலும் தாய் தகப்பன் உறவு யாரும் இல்லாதவர்களுக்கு என்று சொல்லி எள்ளும் தண்ணீரும் விடுகிறோம். முன்பின் தெரியாதவனுக்கு நாம் விடுகிற தண்ணீர் போய்ச் சேரும், ஒரு வெளிநாட்டான் தன் அம்மாவுக்குப் போட்டால் சேராதா?

பணம் பிடுங்குகிறார்கள் என்பது உண்மைதான், ஆனால் அது நமக்கும் நடப்பதுதான், ஸ்டேஷனில் இறங்கியதுமே "எந்த ஊர்?" என்று சூழ்ந்துகொள்கிறார்களே.

ஆனால் காசியில் நடப்பது வேறு. பிணம் எரிக்கிற மணிகர்ணிகைக் கட்டத்தில் சிதைக்கு எதிரே படகை நிறுத்திவிட்டு ஆளாளுக்கு கேமராவைத் தூக்குகிறார்கள். படம் எடுக்காதே என்று கரையிலிருந்து கத்தினாலும் ஜூம் வைத்து எடுக்கிறார்கள். ஏழைப் பிணத்துக்கு விறகு வாங்கித் தந்தால் புண்ணியம் என்று சொல்லி வெளிநாட்டாரிடம் காசு கறக்க அங்கே தனியாக ஆட்களே இருக்கிறார்கள், அந்தக் காசு விறகாக மாறுவதை நான் பார்க்கவில்லை. எரிந்துகொண்டிருப்பது யாருடைய அப்பாவோ, பக்கத்தில் மொட்டையடித்து நிற்பவன் யாருடைய பிள்ளையோ, அவனைக் கேட்டா எடுக்கிறார்கள்? சரி, வெள்ளைக்காரன்தான் அப்படி என்று சொல்லவும் முடியாது. நான் போன படகில் "இந்தப் பக்கம் வா, நெருப்பு நல்லா விழும்" என்று செல்ஃபிக்கு இடம் சொன்னது சுத்தத் தமிழ்க் குரல்.

தன் வீட்டு இழவுக்காக ஆயிரக்கணக்கான மைல் கடந்து வந்து, புரியாத மந்திரத்தைத் திக்கித் திணறிச் சொல்லி எள்ளைக் கீழே விடுகிறவளை டூரிஸ்ட் என்கிறோம். அடுத்தவன் வீட்டு இழவைப் படகில் உட்கார்ந்து வேடிக்கை பார்க்கிற நம்மை யாத்ரீகர் என்கிறோம். சுற்றுலாத் துறையும் டிராவல்ஸ்காரர்களும் "அனுபவம்" என்று விற்பது இந்த இரண்டாவதைத்தான், எழுதுகிறவர்கள் அதைப் பற்றி எழுதுங்கள்.

போன வாரம் அந்தப் படத்தை அக்காவிடம் காட்டினேன். அவளுக்கு 71 வயது, முட்டி வலி. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அங்க உக்கார்றதுக்கு மணை ஏதாவது குடுப்பாளா, இல்ல மணல்லதான் உக்காரணுமா?" என்று கேட்டாள். புரட்டாசிக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வயதானவர்கள் கயாவில் எங்கே தங்கலாம், பெண்ணையும் உட்கார வைத்துச் செய்து வைக்கத் தமிழ் தெரிந்த வாத்தியார் யாராவது உண்டா என்று வாசகர்கள் எழுதினால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகன், கும்பகோணம்