சருகை எரித்துவிட்டு உரம் போடச் சொன்னால் எப்படி?

ஆசிரியருக்கு வணக்கம்.

சமையலறைக் கழிவை வீட்டிலேயே உரமாக்குங்கள் என்று ஊரெங்கும் சொல்கிறார்கள். அதைக் கேட்டு மண்தொட்டி வாங்கி ஆரம்பிப்பவர்களில் பலர் மூன்றாவது வாரமே கைவிட்டுவிடுகிறார்கள். நாற்றம், புழு, அடியில் வழியும் கறுப்புத் தண்ணீர், போதாக்குறைக்குப் பக்கத்து வீட்டாரின் முகச்சுளிப்பு. பழி தொட்டியின் மேலோ, காசு கொடுத்து வாங்கிய நுண்ணுயிர்ப் பொடியின் மேலோ விழுகிறது. பெரும்பாலும் குறை சருகு போதாததில்தான்.

கழிவு நன்றாக மக்க, அதில் ஒரு பங்கு தழைச்சத்துக்கு (நைட்ரஜன்) 25 முதல் 30 பங்கு வரை கரிமம் (கார்பன்) இருக்கவேண்டும். காய்கறிக் கழிவில் கரிமம் சுமார் 15, 20 பங்குதான். கழிவின் எடையிலும் பெரும்பகுதி தண்ணீர். காய்ந்த இலையில் 50 பங்குக்கு மேல் உண்டு. ஈரத்தையும் உறிஞ்சும், இடையில் காற்றுக்கும் வழிவிடும். ஆகவே ஒரு குவளைக் கழிவு போட்டால் ஒன்றரை முதல் இரண்டு குவளை நொறுக்கிய சருகு போடவேண்டும். ஒரு பிடி தூவினால் போதாது.

நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 30 லிட்டர் தொட்டி மூன்று வேண்டும், இடமிருந்தால் நான்கு. பக்கவாட்டில் சுண்டுவிரல் நுழையும் அளவில் துளைகள், அடியில் ஒரு துளை, தொட்டிக்குக் கீழே இரண்டு செங்கல். முதலில் நான்கு விரற்கடை உயரத்துக்குத் தேங்காய் மட்டைத் துண்டோ சுள்ளியோ பரப்பி, அதன்மேல் சருகு. தொடக்கத்துக்கு இரண்டு கைப்பிடி பழைய உரம் அல்லது ஒரு டம்ளர் புளித்த மோர் போதும். கழிவை ஓர் அங்குலத் துண்டாக நறுக்கி, நீரை வடித்துப் போட்டு, பச்சை எதுவும் வெளியே தெரியாதபடி சருகால் மூடுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை குச்சியால் அடிவரை கிளறவேண்டும். நிரம்பிய தொட்டியை ஒதுக்கிவைத்து அவ்வப்போது கிளறினால் 45 முதல் 60 நாளில் உரம். மழைக்காலத்தில் மூடி அவசியம். சித்திரை வெயிலில் தண்ணீர் தெளிக்கவேண்டியிருக்கும்.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு கைப்பிடி அள்ளிப் பிழியுங்கள். உருண்டையாக நின்று, ஓரிரு சொட்டு கசிந்தால் சரி. ஒழுகினால் சருகு சேருங்கள். உதிர்ந்தாலோ எறும்பு ஏறினாலோ தண்ணீர் தெளியுங்கள். அழுகிய முட்டை வாடை என்றால் காற்றில்லை. மூக்கில் ஏறும் நெடி என்றால் தழைச்சத்து மிகுதி. இரண்டுக்கும் மருந்து சருகும் கிளறலும்தான். கொழுத்த பழுப்புநிறப் புழுக்கள் பெரும்பாலும் கறுப்புப் படைவீரன் ஈயின் குஞ்சுகள். தீங்கில்லை, ஈரம் கூடிவிட்டது என்று அவை காட்டிக்கொடுக்கின்றன, அவ்வளவுதான்.

சாம்பார் சாதம் போன்றவற்றைப் பிழிந்து, கொஞ்சமாகப் போடலாம். எண்ணெய், எலும்பு, மீன் செதில் வேண்டாம். சாமிக்குச் சாத்திய பூச்சரத்தில் நூலை உருவிவிடுங்கள். சிறிய தொட்டியில் சூடு அதிகம் ஏறாததால் தக்காளி, பூசணி விதைகள் சாகாமல் பின்னால் முளைக்கும். அதைக் குறை என்று யாரும் சொல்வதில்லை!

சருகிலும் வேறுபாடு உண்டு. புங்கன், பூவரசு, தூங்குமூஞ்சி இலைகள் நல்லவை. வேப்பிலை மெதுவாக மக்கும். மற்றவற்றோடு கலந்தால் கெடுதல் இல்லை. வாதாம் இலையை முழுதாகப் போட்டால் தகடுபோல் படிந்து காற்றை அடைத்துவிடும்; கிழித்துத்தான் போடவேண்டும். தென்னை நார்த்தூள் கட்டியை ஊறவைத்துப் போடுகிறார்கள். ஈரத்தை உறிஞ்சவேண்டியதை ஈரமாக்கிப் போட்டு என்ன பயன்? காய்ந்தபடியே சுரண்டிப் போடவேண்டும். மரத்தூளில் பிளைவுட் தூள் மட்டும் ஆகாது, பசை கலந்தது. எதுவும் கிடைக்காத நாளில் உங்கள் நாளிதழையும் கிழித்துப் போடலாம் (வழவழப்பான இணைப்பிதழ் தவிர்த்து).

இப்போது சிக்கலுக்கு வருகிறேன். நொறுக்கிய சருகு ஒரு கோணி இருந்தால் ஒரு வீட்டுக்கு மூன்று வாரம் ஓடும். மாசி, பங்குனியில் வேம்பும் புங்கனும் கொட்டும்போது எங்கும் சருகுதான். அதைத் தெருமுனையில் கூட்டி எரிக்கிறோம், அல்லது லாரியில் ஏற்றிக் குப்பைக் கிடங்குக்கு அனுப்புகிறோம். குப்பையை எரிக்கக்கூடாது என்று 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மை விதிகளே சொல்லியிருக்கின்றன. சருகில்லாமல் வீட்டில் உரமாகாது கிடங்குக்குப் போன ஈரக்கழிவோ காற்றில்லாமல் அழுகி மீத்தேன் என்னும் எரிவாயுவை வெளிவிடுகிறது. 2022 ஏப்ரலில் சென்னைப் பெருங்குடிக் கிடங்கில் பற்றிய தீ நாள்கணக்கில் எரிந்தது நினைவிருக்கும்.

உள்ளாட்சிகள் புதிதாகத் தொட்டி வாங்கித் தரவேண்டாம். பூங்காக்களிலும் தெருக்களிலும் கூட்டும் சருகை, பிளாஸ்டிக்கும் கண்ணாடியும் கலக்காமல், தனிக் கோணியில் கட்டி வார்டு அலுவலகத்திலோ பூங்கா வாசலிலோ வைத்தால் போதும்; வேண்டியவர்கள் வந்து தூக்கிக்கொள்வார்கள். அடுக்குமாடிச் சங்கங்கள் மொட்டைமாடிப் படிக்கட்டின் கீழ் நனையாத ஓரிடத்தைச் சருகுக்கு ஒதுக்கட்டும். மாசி பிறப்பதற்குள் இதைச் செய்தால் அந்த ஆண்டு முழுவதற்கும் சருகு கிடைத்துவிடும்.

இப்படிக்கு,
மாடித்தோட்ட வாசகர்,
சென்னை