தலைப்பிரசவத்தில் டிரிப்: மிச்சமாவது இரண்டு மணி நேரம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தலைப்பிரசவம் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தவர்கள், பிரசவ வலியைக் கூட்டும் ஆக்ஸிடோசின் மருந்தை டிரிப்பாக ஏற்றினால் சிசேரியனைத் தவிர்த்துவிடலாம் என்று நினைத்துக்கொள்ளக்கூடும். அப்படி இல்லை. வலி மந்தமாக இருக்கும் தாய்மாருக்கு இம்மருந்தை முன்கூட்டியே தொடங்கினால் பிரசவம் சராசரியாக இரண்டு மணி நேரம் குறைகிறது என்றும், சிசேரியன் குறைவதில்லை என்றும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். களைத்துப்போன பெண்ணுக்கு இரண்டு மணி நேரம் பெரிதுதான். ஆனால் எதற்காக டிரிப் என்பது தெளிவாக இருக்கவேண்டும்.

'மூணு சென்டிமீட்டர்லயே நிக்குது, ஊசி போடச் சொல்லுங்க' என்று பிரசவ அறை வாசலில் உறவினர்கள் பதறுவது வழக்கம். கருப்பை வாய் மணிக்கு ஒரு சென்டிமீட்டர் திறந்தாகவேண்டும் என்ற பழைய கணக்கு இன்னும் பலர் மனத்தில் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் 2018லேயே அதைக் கைவிடச் சொல்லிவிட்டது. 5 சென்டிமீட்டர் திறந்த பிறகுதான் பிரசவத்தின் தீவிரக் கட்டம். முதல் பிள்ளைக்கு அதுவே 12 மணி நேரம் வரை நீளலாம். மூன்று சென்டிமீட்டரில் நிற்பது தடங்கல் ஆகாது.

உண்மையிலேயே தேங்கிவிட்டதென்றால், முதலில் வயிற்றில் கைவைத்து 10 நிமிடத்துக்கு எத்தனை வலி வருகிறது என்று எண்ணவேண்டும். சிறுநீர்ப்பை நிறைந்திருக்கிறதா, பிள்ளையின் முகம் மேல்நோக்கி இருக்கிறதா, பனிக்குடம் உடைந்துவிட்டதா என்றும் பார்க்கவேண்டும். டிரிப் அதற்குப் பிறகுதான்.

அளவு மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். ஓர் உதாரணம்: 500 மில்லி உப்புநீரில் 10 யூனிட் ஆக்ஸிடோசின் கலந்தால் ஒரு மில்லியில் 20 மில்லியூனிட் இருக்கும். பம்ப்பில் மணிக்கு 3 மில்லி என்று வைத்தால் நிமிடத்துக்கு 1 மில்லியூனிட் இறங்கும். இப்படி 1 அல்லது 2 மில்லியூனிட்டில் தொடங்கி, அரை மணிக்கு ஒருமுறை கொஞ்சங்கொஞ்சமாகக் கூட்டுவார்கள். ஏற்றிய அளவின் முழு வேகம் தெரிய அரை மணியாவது ஆகும். அதற்குள் 'இன்னும் கூட்டுங்க' என்று அவசரப்படுத்துவதில்தான் ஆபத்து. 10 நிமிடத்தில் மூன்று, நான்கு நல்ல வலி வந்தால் போதும், அதற்குமேல் அளவைக் கூட்டவேண்டாம்.

ஐந்துக்கு மேல் போனால் வலிக்கும் வலிக்கும் இடையே கருப்பை தளராது. தளரும்போதுதான் நஞ்சுக்கொடிக்கு ரத்தம் போகும். தளராவிட்டால் பிள்ளையின் இதயத்துடிப்பு இறங்கும். டிரிப் ஓடும் நேரம் முழுக்க பிள்ளையின் துடிப்பையும் வலியையும் பதிவுசெய்யும் சிடிஜி பட்டையை வயிற்றில் கட்டியிருப்பது இதற்காகத்தான். துடிப்பு கெட்டால் டிரிப்பை நிறுத்தி, தாயை இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைப்பார்கள். மருந்து சில நிமிடங்களிலேயே ரத்தத்தில் குறைந்துவிடும். அடங்காவிட்டால் கருப்பையைத் தளர்த்தும் டெர்பியூட்டலின் ஊசி, 250 மைக்ரோகிராம் தோலுக்கடியில். நெடுநேரம் டிரிப் ஓடிய கருப்பை, பிள்ளை பிறந்தபின் சரியாகச் சுருங்காமல் ரத்தப்போக்கு அதிகமாவதும் உண்டு.

பிரசவத்தைச் சீக்கிரம் முடிக்கவென்று எல்லாருக்கும் தசை இளக்கும் ஊசி போடுவதையும் உலகச் சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கவில்லை. பாட்டி சொல்லும் விளக்கெண்ணெயைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். வயிற்றுப்போக்கில் உடம்பு நீர் வற்றிப்போவதுதான் மிச்சம்.

1960களில் அயர்லாந்தின் டப்ளினில், தலைப்பிரசவம் இழுத்துக்கொண்டே போகாமலிருக்க டாக்டர் ஓ'டிரிஸ்கால் வகுத்த முறையில் பனிக்குடத்தை உடைப்பதும் டிரிப்பும் மட்டும் இல்லை. ஒவ்வொரு தாய்க்கும் கடைசிவரை கூடவே ஒரு தாதி இருந்தார். மற்ற ஊர்களில் பலரும் டிரிப்பை எடுத்துக்கொண்டு தாதியை விட்டுவிட்டார்கள். இத்தனைக்கும், பிரசவம் முழுக்க ஒருவர் பக்கத்தில் இருந்தால் சிசேரியன் குறைகிறது என்பதற்கு ஆய்வுச் சான்று இருக்கிறது. எபிடூரல் (முதுகில் போடும் வலி மரப்பு ஊசி) போடாதவர்கள் எழுந்து நடமாடினாலே, கருப்பை வாய் முழுதாகத் திறக்கும்வரையிலான முதல் கட்டம் ஒரு மணி நேரத்துக்கு மேல் குறைகிறது. அறைக்குள் போகும் கணவரோ அம்மாவோ டாக்டரிடம் ஊசி கேட்பதைவிட, அவளைக் கைத்தாங்கலாக நடக்கவைக்கலாம், இரண்டு மணிக்கு ஒருமுறை கழிப்பறைக்குக் கூட்டிப்போகலாம்.

இப்படிக்கு,
மகப்பேற்றுத் தாதி ஒருவர்,
உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்